ஒரு மகாராணி லீவு போட்டு நரி வேட்டைக்குப் போன கதை

செமஸ்டர் முடிந்து ஹாஸ்டல் காலியாகிற நேரம் வந்துவிட்டால் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "லீவுக்கு எங்கேடா?" ஒருவன் ஊருக்கு, ஒருவன் அத்தை வீட்டுக்கு, ஒருவன் எங்கேயும் இல்லை, அரியருக்குப் படிக்க வேண்டும். போன வாரம் இப்படிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நண்பன், "காசு மட்டும் இருந்தா வெளிநாடு போய் குதிரை சவாரி பண்ணிட்டு வரலாம்டா" என்றான். குதிரை ஏற மெரினா போதாதா என்று எல்லோருமாகச் சேர்ந்து அவனை ஓட்டித் தள்ளிவிட்டோம்.

எனக்கு மட்டும் அப்போது ஒரு பெண்மணி ஞாபகத்துக்கு வந்தார். நிஜமாகவே அப்படி லீவு போட்டுவிட்டுப் போனவர். வருடா வருடம் குளிர்காலத்தில் கணவனையும் அரண்மனையையும் விட்டுவிட்டு, குதிரை ஏறி நரி துரத்துவதற்கென்றே கடல் கடந்து போவார். கணவர் பெயர் ஃப்ரான்ஸ் யோசப், ஆஸ்திரியப் பேரரசர். இவர் எலிசபெத். வீட்டில் கூப்பிட்ட பெயர் 'சிஸி'. 1955-ல் ரோமி ஷ்னைடர் நடித்து வந்த ஜெர்மன் படத்தால் அந்தச் செல்லப் பெயர்தான் உலகம் முழுக்கப் பரவியது. படத்தில் எல்லாம் ஒரே பூவும் சிரிப்பும். இந்த வேட்டைக் கதை அந்தப் படங்களில் கிடையாது. எனக்கு இதுதான் பிடித்த பகுதி, கொஞ்சம் நெருடுகிற பகுதியும் இதுதான். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

எலிசபெத் பிறந்தது 1837 டிசம்பர் 24, ம்யூனிக் நகரில். அப்பா மாக்ஸ் பவேரியாவில் ஒரு பிரபு. அரச குடும்பம்தான், ஆனால் பதவியும் இல்லை, பொறுப்பும் இல்லை. அவருக்கு சர்க்கஸ் என்றால் உயிர். பிள்ளைகளை ஏரிக்கரை மாளிகையில் இஷ்டத்துக்கு ஓடவிட்டு வளர்த்தார். குதிரை ஏற்றம் அங்கே படித்ததுதான். பதினாறு வயதில், 1854 ஏப்ரலில், வியன்னாவில் கல்யாணம். மாமியார் சோஃபி சொந்தப் பெரியம்மா. (சொந்தத்தில் கட்டிக்கொடுப்பதில் நம்மையெல்லாம் மிஞ்சியவர்கள் ஐரோப்பிய ராஜாக்கள்.) வியன்னா அரண்மனையில் யார் யாருக்குப் பின்னால் நடக்க வேண்டும், யாரிடம் யார் முதலில் பேசலாம், எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. பிறந்த பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை மாமியார் எடுத்துக்கொண்டார். மூத்த மகள் இரண்டு வயதில், 1857-ல், இறந்துபோனாள். அதற்குப் பிறகு எலிசபெத் அரண்மனையில் இருந்த நாட்களைவிட வெளியே கிளம்பிய நாட்கள்தான் அதிகமாகிக்கொண்டே போயின. உடம்பு சரியில்லை, இருமல், கடல்காற்று வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம்.

1867-ல் ஹங்கேரியில் முடிசூட்டு விழா நடந்தபோது அந்த நாடு புடாபெஸ்ட்டுக்குப் பக்கத்தில் கோடல்லோ என்ற மாளிகையைப் பரிசாகக் கொடுத்தது. அவர் அதைக் கிட்டத்தட்ட ஒரு குதிரைப் பயிற்சிப் பள்ளியாகவே மாற்றிவிட்டார். சர்க்கஸ் குதிரைக்காரிகளை வரவழைத்து வித்தை கற்றுக்கொண்டார். பேரரசி சர்க்கஸ்காரியிடம் பாடம் கேட்கிறாராம் என்று வியன்னா முழுக்கப் புரளி. அப்பாவின் மகள், வேறென்ன!

இங்கே நரி வேட்டை என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். துப்பாக்கி எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போகிற சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்து வேட்டையில் துப்பாக்கியே கிடையாது. நரியை மோப்பம் பிடித்துத் துரத்திக் கொல்வது நாய்கள். மனிதர்கள் குதிரையில் பின்னால் ஓடுவார்கள், அவ்வளவுதான். நரி இரவில் இரை தேடக் கிளம்பும். அது வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து ஓர் ஆள் லாந்தரும் மண்வெட்டியுமாகப் போய் சுற்று வட்டாரத்தில் உள்ள வளைகளையெல்லாம் அடைத்துவிடுவான். விடியற்காலை திரும்பி வரும் நரிக்கு வீடு பூட்டியிருக்கும்! வேறு வழியில்லாமல் ஏதாவது புதர்க்காட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். பத்து பதினோரு மணிக்கு இருபது ஜோடி நாய்களோடு கூட்டம் வந்து சேரும். (நாய்களை ஒன்று இரண்டு என்று எண்ணமாட்டார்கள், ஜோடி ஜோடியாகத்தான் கணக்கு.) நாய்களைப் புதருக்குள் விடுவார்கள், நரி வெளியே பாயும், கொம்பு ஊதும், ஐம்பது நூறு குதிரைகள் வயல்வெளியில் பறக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை சீசன்.

உண்மையில் முக்கால்வாசிப் பேருக்கு நரி முக்கியமே இல்லை. வேலி தாண்டுவதுதான் முக்கியம். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஊர்ப் பொது நிலங்களைச் சட்டம் போட்டுத் தனித்தனியாகப் பிரித்து, உயிர்வேலி போட்டு அடைத்தார்கள். ஏழைகள் மாடு மேய்த்த நிலம் போயிற்று. போட்ட வேலிகளைக் குதிரையில் தாண்டுவது பணக்காரர்களுக்கு விளையாட்டாயிற்று. லெஸ்டர்ஷயரில் ஹ்யூகோ மெய்னல் என்பவர் 1753-லிருந்து வேகமாக ஓடும் நாய்களாகப் பார்த்துப் பெருக்கினார். இன்று நரி வேட்டை என்று நாம் சொல்லுகிற வேக வேட்டை அங்கிருந்துதான் வந்தது. பிறகு ரயில் வந்தது. குதிரைகளைத் தனிப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு எங்கிருந்தோ வந்து ஒரு சீசனுக்கு மாளிகையை வாடகைக்கு எடுத்துத் தங்கிவிட்டுப் போகலாம் என்று ஆயிற்று. வேட்டை லீவுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்தது அப்படித்தான்.

பெண்களுக்கு இன்னொரு கண்டுபிடிப்பும் தேவைப்பட்டது. அந்தக் காலத்துப் பெண்கள் குதிரையில் இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு உட்கார வேண்டும், நம்ம ஊரில் பைக்கின் பின்சீட்டில் புடவையோடு உட்காருவது போல. அப்படி உட்கார்ந்துகொண்டு ஐந்தடி வேலியைத் தாண்ட முடியுமா? 1830 வாக்கில் பெண்களுக்கான சேணத்தில் இடது தொடையைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்ள இன்னொரு கொம்பு வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் பெண்கள் தைரியமாகத் தாண்ட ஆரம்பித்தார்கள். இந்த வளைந்த கொம்பு இல்லாவிட்டால் நம் கதையே இல்லை.

1874 கோடையில் எலிசபெத் முதல்முறையாக இங்கிலாந்தில் தங்கினார். கடைசி மகள் வலேரிக்குக் கடல் குளியல் நல்லது என்று காரணம் சொல்லி வைட் தீவுக்கு வந்தார். வந்தது 'ஹோஹெனெம்ப்ஸ் சீமாட்டி' என்ற பெயரில். பேரரசி என்று வந்தால் வரவேற்பு, விருந்து, பேச்சு எல்லாம் வேண்டும். இந்தப் பெயரில் வந்தால் யாரும் எதுவும் செய்ய வேண்டாம். எல்லோருக்கும் ஆள் யார் என்று தெரியும், யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது!

நிஜமான வேட்டை லீவு 1876 மார்ச்சில். நார்தாம்ப்டன்ஷயரில் ஈஸ்டன் நெஸ்டன் என்ற மாளிகையை எடுத்துத் தங்கினார். இங்கிலாந்திலேயே நல்ல புல்வெளியும் கடினமான வேலிகளும் இருக்கிற வட்டாரம். பக்கத்து ஊர் வேட்டைக் குழுவின் பெரிய தலை ஸ்பென்சர் பிரபு. (டயானா பிறந்த அதே ஸ்பென்சர் குடும்பம்தான்.) விருந்தாளி கழுத்து முறிந்து செத்தால் அது ராஜாங்கப் பிரச்சினை ஆகிவிடும். அதனால் முன்னால் போய் எந்த வேலியைத் தாண்டலாம், எதைச் சுற்றிப் போகலாம் என்று காட்ட ஓர் ஆள் வேண்டும். வேட்டைக்காரர்கள் அந்த ஆளை 'பைலட்' என்பார்கள், விமானம் வருவதற்கு முன்பே! ஸ்பென்சர் தேர்ந்தெடுத்தது காப்டன் மிடில்டன் என்ற படை அதிகாரியை. 'பே' என்பது பட்டப்பெயர். முப்பது வயது, இங்கிலாந்தின் சிறந்த குதிரைக்காரர்களில் ஒருவர். அவருக்கு முதலில் துளிக்கூட இஷ்டமில்லை. யாரோ ஒரு ராணி தன் பின்னால் தொங்கிக்கொண்டு வந்து வேட்டையைக் கெடுக்கப் போகிறார் என்று நினைத்தார். ஒன்றிரண்டு நாளில் நினைப்பு மாறிவிட்டது. மிடில்டன் எதைத் தாண்டினாலும் பின்னாலேயே அவரும் தாண்டினார். விழுந்தால் எழுந்து மறுபடி ஏறினார். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது, நான்கு பிள்ளை பெற்றவர். வயதைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் அன்றைய பத்திரிகைகள் வேறு எதையும் எழுதவில்லை.

அவர் வேட்டைக்குத் தயாராவதே ஒரு திருவிழா. உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும் என்பதற்காக மேல்சட்டையையும் பாவாடையையும் சேர்த்து உடம்பின் மேலேயே வைத்துத் தைப்பார்களாம். தினமும் தைத்து, தினமும் பிரித்து! கணுக்கால் வரை தொங்கும் முடியைப் பின்னித் தொப்பிக்குள் அடக்க வேண்டும். கையில் சவுக்கோடு ஒரு விசிறி. வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் நெருங்கினால் முகத்துக்கு நேரே விசிறி விரிந்துவிடும். வேலிக்குப் பயப்படாதவர் தன்னை உற்றுப் பார்க்கிற கண்களுக்குப் பயந்தார். அவருடைய பிற்காலப் படங்கள் கிடைப்பது அபூர்வம் என்பதற்கு இந்த விசிறிதான் காரணம்.

அதே 1876 பயணத்தில் விண்ட்சருக்குப் போய் விக்டோரியா மகாராணியைப் பார்த்தார். சாப்பிடக்கூட நிற்காமல் திரும்பிவிட்டார் என்று விக்டோரியாவுக்கு வருத்தம். எனக்கு இது புரிகிறது. எந்தச் சம்பிரதாயத்திலிருந்து தப்பித்து வந்தாரோ அதே சம்பிரதாயம் விண்ட்சரில் மேஜை போட்டுக் காத்திருந்தால்? 1878-ல் மறுபடி நார்தாம்ப்டன்ஷயர் போனார்.

இனிமேல்தான் கதையின் முக்கியமான இடம். 1879 பிப்ரவரியில் அவர் இங்கிலாந்தை விட்டுவிட்டு அயர்லாந்துக்குப் போனார். டப்ளினுக்கு வடமேற்கே மீத் என்ற மாவட்டம், அதில் லாங்ஃபோர்ட் பிரபுவின் சம்மர்ஹில் மாளிகை. மிடில்டனும் கூடவே. அயர்லாந்து வேட்டை வேறு மாதிரி. இங்கிலாந்தில் வேலியை ஒரே பாய்ச்சலில் தாண்டலாம். இங்கே வயலுக்கும் வயலுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு மண்கரை, அதன் பக்கத்தில் ஆழமான பள்ளம், சில இடங்களில் இரண்டு பக்கமும் பள்ளம். குதிரை கரையின் மேல் ஏறி, அங்கேயே கால் மாற்றி, மறுபக்கம் குதிக்க வேண்டும். வேகத்தைவிட புத்தி அதிகம் வேண்டும். அயர்லாந்துக் குதிரைகளுக்கு உலகம் முழுக்க மவுசு வந்தது இந்தக் கரைகளால்தான். எலிசபெத்துக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது.

அங்கே 'வார்ட் யூனியன்' என்று ஒரு வேட்டைக் குழு. அவர்கள் துரத்துவது நரியை அல்ல, மானை. மானை வண்டியில் கொண்டுவந்து திறந்துவிடுவார்கள், அது ஓடும், துரத்துவார்கள், கடைசியில் உயிரோடு பிடித்துத் திரும்ப வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அடுத்த தடவைக்கு. (சேலம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்காநரியைப் பிடித்துவந்து ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிற வழக்கம் உண்டே, வனத்துறை வருடா வருடம் எச்சரிக்கை விடுகிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.)

1879 பிப்ரவரி 24 அன்று இப்படி ஓடிய மான் ஒன்று மேனூத் ஊரில் கத்தோலிக்கக் குருமார்களைப் பயிற்றுவிக்கிற செயின்ட் பாட்ரிக் கல்லூரி வளாகத்துக்குள் புகுந்துவிட்டது. பின்னாலேயே நாய்கள். நாய்களுக்குப் பின்னாலேயே பேரரசி! பெண்களின் நிழல்கூட விழாத இடம் அது. கறுப்பு அங்கி போட்ட மாணவர்கள் திகைத்து நிற்கிறார்கள், நடுவில் நுரை தள்ளும் குதிரையில் சேறு தெறித்த உடையோடு ஓர் அம்மையார். ஆள் யார் என்று தெரிந்ததும் உள்ளே அழைத்து உபசரித்தார்கள். வியர்த்த உடம்பு குளிரில் நடுங்குகிறது என்று போர்த்திக்கொள்ள கல்லூரி அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். (நம்ம ஹாஸ்டலுக்குள் இப்படி ஒரு மகாராணி குதிரையில் வந்தால் வார்டன் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள் :-) ) ஐரோப்பாவின் பெரிய கத்தோலிக்க அரச வம்சத்தின் பேரரசி, தங்கள் கல்லூரியில், தங்கள் அங்கியில்! ப்ராட்டஸ்டண்ட் இங்கிலாந்து ஆண்ட கத்தோலிக்க அயர்லாந்தில் இது சாதாரணச் செய்தி இல்லை. போகிற ஊரில் எல்லாம் ஜனங்கள் கூடி ஆரவாரம் செய்தார்கள். லண்டனுக்கு இது ரசிக்கவில்லை.

மார்ச் நடுவில் ஹங்கேரியின் செகெட் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. ஊரில் பெரும்பகுதி அழிந்துவிட்ட நிலையில் பேரரசி நரி துரத்திக்கொண்டிருந்தால் நன்றாக இருக்குமா? லீவைச் சுருக்கிக்கொண்டு கிளம்பினார்.

இங்கே ஒரு நிமிடம் குதிரையை நிறுத்திவிட்டுக் கீழே குனிந்து தரையைப் பார்க்கலாம். மீத் மாவட்டத்தில் மைல் கணக்கில் பச்சைப் புல்வெளி. குதிரை ஓட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது. அது ஏன் அப்படிக் காலியாக இருந்தது?

1845 முதல் 1849 வரை உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து அயர்லாந்தில் பெரும் பஞ்சம். சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட அதிகம் பேர் கப்பல் ஏறினார்கள். 1841-ல் 82 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1881-ல் 52 லட்சத்துக்கும் கீழே. செத்தவர், போனவர், விரட்டப்பட்டவர் ஆகியோரின் குடிசைகளை இடித்துவிட்டு, சின்னச் சின்ன நிலங்களை ஒன்றாக்கி, மாடு மேய்க்கப் புல்வெளி ஆக்கினார்கள் நிலச்சுவான்தார்கள். மாட்டிறைச்சிக்கு இங்கிலாந்தில் நல்ல விலை. மீத் மாவட்டம் இந்த மேய்ச்சல் பண்ணைகளுக்குப் பெயர் போனது. நாற்பது வருடத்துக்கு முன்னால் வீடுகள் இருந்த இடங்களின் மேல் ஓடுகிறோம் என்று சிவப்புக் கோட்டு போட்ட அந்தக் கூட்டத்தில் யாராவது நினைத்திருப்பார்களா தெரியாது. மிச்சம் இருந்த குத்தகைக்காரனுக்கும் தன் வயலில் குதிரை ஓடக் கூடாது என்று சொல்கிற உரிமை பெயரளவில்தான். வேட்டைக்கு வருகிறவரே அவனுடைய நிலச்சுவான்தார். இஷ்டப்பட்டால் வெளியேற்றலாம்.

நம் பக்கத்திலும் ஒரு சின்ன கிளைக்கதை உண்டு. ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் இதே வேட்டையை ஆரம்பித்தார்கள். இங்கிலாந்திலிருந்து நாய்களைக் கப்பலில் இறக்கி, நரிக்குப் பதில் குள்ளநரியைத் துரத்தினார்கள். சினிமா டூயட்டில் கதாநாயகி உருண்டு வருகிற அந்தப் புல்மேடுகள்தான் வேட்டைக்களம். அதற்கு முன்னால் அவை தோடர்களின் எருமைகள் மேய்ந்த இடம். வேட்டைக்கு மீத் மாதிரியான புல்வெளி எங்கே இருந்தாலும் அதன் பழைய சொந்தக்காரர் யார் என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

சரி, அயர்லாந்துக்கு வருவோம். 1879 முழுக்க மழை. மறுபடியும் உருளைக்கிழங்கு போயிற்று, 1840-களுக்குப் பிறகு அவ்வளவு மோசமான விளைச்சல் இல்லை. அக்டோபர் 21 அன்று டப்ளினில் 'நில லீக்' தொடங்கியது. மூளை மைக்கேல் டேவிட். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு குத்தகை நிலத்திலிருந்து விரட்டப்பட்டவர், இங்கிலாந்தில் ஆலை வேலையில் ஒரு கையை இழந்தவர். தலைவர் சார்ல்ஸ் பார்னெல், தானே ஒரு நிலச்சுவான்தார், நல்ல குதிரைக்காரர். வேடிக்கை என்ன தெரியுமா? 1875-லிருந்து 1880 வரை பார்னெல் பார்லிமென்ட் உறுப்பினராக இருந்தது இதே மீத் தொகுதிக்குத்தான். பேரரசி வேட்டையாடிய தொகுதிக்கு எம்.பி. அவர்!

1880 பிப்ரவரியில் எலிசபெத் மறுபடி சம்மர்ஹில் வந்தார். அதே மாதம் பார்னெல் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் அயர்லாந்தின் பசிக்கு நிதி திரட்டிக்கொண்டிருந்தார். பிப்ரவரி 2-ம் தேதி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலேயே பேசினார். டப்ளினில் ராஜப் பிரதிநிதியின் மனைவி மார்ல்பரோ சீமாட்டி தனியாக ஒரு நிவாரண நிதி நடத்தினார். (அவருடைய பேரன் அப்போது டப்ளினில் ஐந்து வயதுப் பொடியன், பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். பொடியனின் அம்மாவும் மீத் பக்கம் வேட்டைக்குப் போகிறவர்.) நாட்டின் மேற்குக் கரையில் பசி, கிழக்கே வேட்டைக் கொம்பு.

எலிசபெத் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல நான் வரவில்லை. மேனூத் கல்லூரிக்கு நன்றி சொல்ல ஆசையாக ஒரு பரிசு கொண்டுவந்திருந்தார்: வெள்ளியில் செய்த புனித ஜார்ஜ் சிலை, குதிரைமேல் உட்கார்ந்து டிராகனைக் குத்துகிறார். குதிரைக்காரர்களின் காவல் புனிதர் ஆயிற்றே என்று நினைத்திருக்கிறார். யாரோ மெதுவாக எடுத்துச் சொன்னார்கள்: அம்மணி, ஜார்ஜ் இங்கிலாந்தின் காவல் புனிதர்! அயர்லாந்துக் கல்லூரிக்கு இங்கிலாந்தின் சாமியைக் கொடுத்தால்? பதறிப்போய், பூசைக்குப் போடும் தங்க ஜரிகை உடைகளைச் செய்து, அயர்லாந்தின் சின்னமான மூவிலைக் கொடியைப் பூவேலையாகப் போட்டு அனுப்பினார். சிலையும் உடையும் மேனூத்தில் பத்திரமாக இருக்கின்றன. இந்தக் கதையைப் படித்ததும் சிரித்துவிட்டேன். பிறகு தோன்றியது, இரண்டு சீசன் ஒரு நாட்டின் கரைகளையும் பள்ளங்களையும் இஞ்ச் இஞ்சாகத் தெரிந்துவைத்திருந்தவருக்கு அந்த நாட்டின் சண்டை என்ன என்று தெரியாமலே போயிருக்கிறது. லீவுக்குப் போகிற நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்கள்?

1880 இலையுதிர் காலத்தில் மேயோ மாவட்டத்தில் காப்டன் பாய்காட் என்ற பண்ணை ஏஜெண்டிடம் ஊரே பேச்சை நிறுத்தியது. வேலைக்கு ஆள் இல்லை, கடையில் சாமான் இல்லை. 'பாய்காட்' என்ற சொல்லே அவர் பெயரில் வந்ததுதான். இந்த நிலைமையில் பேரரசியை மறுபடி அயர்லாந்துக்கு அனுப்ப வியன்னாவும் தயாராக இல்லை, லண்டனும் தயாராக இல்லை. 1881-ல் அவருக்காக இங்கிலாந்தின் செஷயரில் கோம்பர்மியர் மாளிகையை ஏற்பாடு செய்தார்கள். அயர்லாந்துக்கு அதன்பிறகு அவர் போகவேயில்லை.

1881 அக்டோபரில் பார்னெலைக் கைது செய்து டப்ளின் சிறையில் போட்டார்கள். நில லீக்கையும் தடை செய்தார்கள். அதற்குக் குடியானவர்கள் கண்டுபிடித்த பதில்தான் பிரமாதம். வாடகை தராமல் இருப்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வேட்டையை நிறுத்து! நாய்களை விடுகிற புதருக்கு முன்னால் ஊரே தடியோடு வந்து நிற்கும். எங்கள் நிலத்தின் மேல் வராதே. குதிரைக்காரர்கள் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். சில இடங்களில் நாய்களுக்கு விஷ இறைச்சியும் வைத்தார்கள், அதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. இன்னும் சில இடங்களில் கண்ட கண்ட நாட்டு நாய்களையெல்லாம் கூட்டிக்கொண்டு ஜனங்களே நிலச்சுவான்தாரின் தோப்புக்குள் 'மக்கள் வேட்டை' போனார்கள். அந்தக் குளிர்காலம் அயர்லாந்தின் பல வேட்டைக் குழுக்கள் சீசனைப் பாதியில் மூடின.

"நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி" என்று நம் பக்கம் சொல்வார்கள். குத்தகைக்காரன் அத்தனை வருடம் வேட்டையைப் பார்த்தது இந்த மாதிரிதான். வேட்டையால் அவனுக்கு லாபமும் உண்டு. ஓட்ஸ் விற்கலாம், நல்ல குட்டியாக வளர்த்தால் நல்ல விலைக்குப் போகும், லாடம் அடிக்கிறவன் முதல் லாயக்காரன் வரை பல குடும்பங்களுக்குச் சோறு. வேட்டை நின்றால் இவையும் நிற்கும் என்று தெரிந்தேதான் நிறுத்தினார்கள். 1879-ல் சம்மர்ஹில் சாலையில் நின்று பேரரசிக்குத் தொப்பியை ஆட்டியவர்களில் எத்தனை பேர் இரண்டு வருடம் கழித்துத் தடியோடு நின்றார்கள் என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு. அதற்குக் கணக்கு யார் வைத்திருக்கப் போகிறார்கள்?

1882-ல் செஷயரில் எலிசபெத்துக்குக் கடைசி சீசன். மிடில்டன் அந்த வருடம் கல்யாணம் செய்துகொண்டார். அதன் பிறகு அவர் வேட்டைக்குப் போகவில்லை, குதிரைகளையும் விற்றுவிட்டார். குதிரை போன இடத்தில் நடை வந்தது. மணிக்கணக்கில், கூட வருகிற தோழிகள் மயங்கி விழுகிற அளவு நடை. 1889-ல் மகன் ருடோல்ஃப் தற்கொலை. மிடில்டன் 1892-ல் ஒரு குதிரைப் பந்தயத்தில் விழுந்து கழுத்து முறிந்து இறந்தார். எலிசபெத் 1898 செப்டம்பர் 10 அன்று ஜெனீவா ஏரிக்கரையில், அதே ஹோஹெனெம்ப்ஸ் சீமாட்டி பெயரில் தங்கியிருந்தபோது, லூயிஜி லுக்கேனி என்ற இத்தாலியன் அரத்தைக் கூர்தீட்டிக் குத்தியதில் இறந்தார். யாராவது ஒரு ராஜ வம்சத்து ஆளைக் கொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவன் நோக்கம். நிலத்தில் நின்றவர்கள் எல்லோரும் தொப்பி ஆட்டுகிறவர்களாக இருக்கமாட்டார்கள் என்பது அவருக்கு அயர்லாந்திலேயே தெரிந்திருக்கலாம்.

சம்மர்ஹில் மாளிகையை 1921-ல், அயர்லாந்தின் விடுதலைப் போரின்போது, ஐ.ஆர்.ஏ. எரித்தது. கூரையில்லாத சுவர்கள் பல வருடம் நின்றன, பிறகு அவற்றையும் இடித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதற்குத் தடை 2005 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அயர்லாந்தில் வார்ட் யூனியன் மட்டும் வண்டியில் மான் கொண்டுவந்து ஓடவிடுவதைத் தொடர்ந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்குள் டப்ளின் வீங்கி மீத் வரைக்கும் வந்துவிட்டது. பழைய மேய்ச்சல் நிலங்களில் வீடுகள், சாலைகள், பள்ளிக்கூடங்கள். 2007-ல் அப்படி ஓடிய மான் ஒன்று மீத் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூட வளாகத்துக்குள் புகுந்தது. பின்னாலேயே வேட்டை.

இந்த முறை யாரும் அங்கி கொடுக்கவில்லை. 2010-ல் அயர்லாந்துப் பார்லிமென்ட் சட்டம் போட்டு மான் வேட்டையை நிறுத்தியது.